எங்கள் ஆட்கள் இல்லாத ஊர்

பாரிசுக்கு வந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் போய் வந்த இடங்களைச் சொன்னால் பெரிய ஊர்சுற்றி என்று நினைப்பீர்கள். லண்டன், சூரிச், டோர்ட்முண்ட், ஒஸ்லோ, டொரொன்டோ இரண்டு தரம். அங்கெல்லாம் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. லண்டனில் சித்தப்பா வீட்டுக் குசினியைப் பார்த்தேன். சூரிச்சில் சின்னம்மா மகளின் குசினியைப் பார்த்தேன். அதற்கு ஒரு யன்னல் இருந்தது, வெங்காயம் உரிக்கும்போது தலையை நிமிர்த்தினால் பனிமலை தெரியும். டொரொன்டோவில் எல்லோரும் நயாகரா பார்க்கப் போன அன்று நான் வீட்டில் நின்று நாற்பது பேருக்குச் சாப்பாடு ஆயத்தப்படுத்தினேன். திரும்பி வந்தவர்கள் ஃபோனில் படம் காட்டினார்கள். நிறையத் தண்ணீர் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு வக்கான்ஸ், அதுதான் விடுமுறைப் பயணம், என்றால் அவ்வளவுதான். சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போவோம். சொந்தக்காரர் இல்லாத ஊர் வரைபடத்தில் இருந்தாலும் எங்களுக்கு இல்லை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டல் எடுத்துத் தங்கினால் அது செத்த வீட்டிலும் சொல்லிக் காட்டப்படும். அவர்கள் தங்கள் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டுச் சோபாவில் படுப்பார்கள். நாங்கள் அந்தக் கட்டிலில் நித்திரை வராமல் புரண்டுவிட்டு, மனம் கேட்காமல் விடியமுன்னம் எழும்பி அவர்களுடைய பாத்திரங்களைக் கழுவுவோம். அடுத்த வருஷம் அவர்கள் வருவார்கள், நாங்கள் சோபாவில் படுப்போம். இப்படி எல்லோரும் எல்லோரையும் அன்பாகக் களைப்பாக்கிக்கொண்டிருந்தோம்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். மார்க்ஸ் டோர்மோயில் முதல் மெட்ரோ பிடித்தால் ஏழு மணிக்கு முன்னம் தள்ளுவண்டியோடு மூன்றாம் மாடியில் நிற்பேன். ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகுவது வலது கை. அந்தக் கையின் தோள் போன வசந்தத்தில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. என் தலையை நானே பின்ன முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள் என்று கேட்டார். கனடாவுக்குப் போனபோது என்றேன். அங்கே என்ன செய்தீர்கள் என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். உண்மையான ஓய்வு கொடுக்காவிட்டால் குளிர்காலத்துக்குள் கத்தி வைக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு பாரம் தூக்கும் வேலையை மறந்துவிடுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த வருஷம்தான் நினைக்காதது நடந்தது. ஹோட்டலில் குழாய்களை மாற்றுவதற்காக இலையுதிர்காலத்தில் மூன்று கிழமை மூடுவதாக அறிவித்தார்கள். இவர், என் கணவர், வேலை செய்வது பள்ளிக்கூடக் கன்ரீனில். அதே நாட்களில் பள்ளிக்கும் விடுமுறை. கல்யாண வீடுகளுக்கென்று கெஞ்சி எடுத்த நாலைந்து நாட்களைத் தவிர்த்தால், எங்கள் இருவரின் கொன்ஜேயும், சம்பளத்தோடு வருகிற லீவு, ஒன்றாக வந்தது அதுதான் முதல் தரம். எனக்கு வேண்டியதை நான் ஒரு வசனத்தில் சொன்னேன். ஏழு நாள், ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது.

கிரேக்கத் தீவு என்பது மகளின் யோசனை. அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான், அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை. தனக்கு வகுப்பு இருக்கிறது, நீங்கள் இருவர் மட்டும் போங்கள் என்றாள். ஏதென்சுக்கு விமானம், அங்கிருந்து கப்பல். தீவு அவ்வளவு சின்னது, வரைபடத்தில் ஒரு பொட்டுக்கும் குறைவு. ஆனால் அதற்குள் மூன்று ஊர் இருந்தன. கப்பல் வந்து நிற்கிற துறைமுக ஊர் ஒன்று. மறுபக்கத்தில் மணல் கடற்கரை ஊர் ஒன்று. நடுவில் மலைக்கு மேலே பழைய ஊர் ஒன்று. எந்த ஊரில் தங்குவது என்பதை நீங்களே முடிவெடுங்கள் என்று கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எனக்கு ஊர் பார்க்கத் தெரியாது. ஆனால் அறை பார்க்கத் தெரியும். அவள் அங்கே தங்கிப் போனவர்கள் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தாள், நான் படங்களைப் பார்த்தேன். துறைமுக ஊரில் ஒரு ஹோட்டல். விரிப்பில் பெட்டிக்குள் மடித்து வைத்த கோடு அப்படியே இருந்தது, படம் எடுப்பதற்காக அன்றைக்குத்தான் பிரித்து விரித்திருக்கிறார்கள். படத்துக்கு வெளியே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடற்கரை ஊரில் எல்லாக் கட்டில்களிலும் துவாயை மடித்து அன்னம் செய்து வைத்திருந்தார்கள். மகள் வடிவாக இருக்கிறது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஹோட்டலிலும் ஒருகாலம் ஒரு புது மனேஜர் வந்து அன்னம் செய்யச் சொன்னார். ஓர் அன்னத்துக்கு மூன்று நிமிஷம், பதினாறு அறை. அதற்கென்று ஒரு நிமிஷமும் கூட்டித் தரவில்லை. போதாததற்கு அந்தக் கடற்கரை ஊரில் இலையுதிர்காலம் வந்தால் பாதிக் கடைகள் பூட்டிவிடுவார்களாம்.

மலை ஊரில் ஹோட்டல் இல்லை. ஒரு வீட்டின் மேல்மாடியில் மூன்று அறை மட்டும். படங்கள் இருட்டாக இருந்தன, எடுத்தவருக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் தலையணை உறையின் வாய், உள்துணி தெரியாதபடி, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு தும்பு இல்லை. கடைசியில் வீட்டுக்காரி இரண்டு வரி எழுதியிருந்தாள், மகள் அதை வாசித்துக் காட்டினாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அறுபது படி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அறை துப்புரவு செய்யப்படாது, அதைச் செய்கிற பெண்ணுக்கு அன்று வீட்டில் நிற்கிற நாள்.

இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு வரியை நான் எங்கும் பார்த்ததில்லை. "இதுதான்," என்றேன். மகள் மற்றப் படங்களையும் பார்க்கச் சொன்னாள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அன்று பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். கணினியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தருமே இல்லையோ?"

"அதுக்குத்தானே போறம்," என்றேன்.

அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எங்கோ ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை வழக்கம்போல லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனார். முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கப் போன மனுஷன் மூன்று மணித்தியாலம் கழித்து வந்தார். முடிவெட்டுகிற கடையில் விசாரித்திருக்கிறார். அவர்கள் லூயி-பிளாங் தெருவில் ஒரு ஃபோன் கடையைக் காட்டியிருக்கிறார்கள். ஃபோன் கடைக்காரர் கிரேக்கத்தில் இருந்து வந்த ஒருவரைக் கேட்டிருக்கிறார். லா சப்பலில் நாலு கடை ஏறி இறங்கினால் சந்திரனிலும் ஒரு ஆளைப் பிடித்துத் தருவார்கள் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. அடுத்த புதன்கிழமை அந்தப் பகிடி என் தலையில் விழுந்தது.

அந்தத் தீவில் ஒரு தமிழர் இருந்தார். ஒரே ஒருவர். துறைமுக ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் எட்டு வருஷமாக வேலை செய்கிறாராம். பப்பியே பிரச்சினையில், வதிவிடப் பத்திரம் சரிவராததால், குடும்பத்தை இன்னும் கூப்பிட முடியவில்லையாம். இவர் நம்பர் எடுத்துக் கதைத்திருக்கிறார். சொந்த ஊர் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, பதினைந்து நிமிஷத்தில் அண்ணை தம்பி ஆகிவிட்டார்கள்.

"தம்பி சொல்லுறான், ஏன் அண்ணை ஹோட்டல், என்ரை இடம் இருக்குத்தானே எண்டு," என்றார் இவர், ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி. "நான் சரி எண்டு சொல்லிப்போட்டன். துறைமுகத்தோடையே வீடு. படியேறத் தேவையில்லை, உமக்கும் சுகம்."

நான் தோளைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அப்போதே சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. யோசிப்பம் என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் யோசிப்பம் என்றால் ஓம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அது என் பிழை.

பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. எங்கள் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் பார்சல் இல்லாமல் போனதில்லை. லெ பிளாங்-மெனிலில் இருக்கிற இவருடைய அக்கா, தான் ஒருநாளும் பார்த்திராத அந்தத் தம்பிக்கு ஒரு கிலோ மிளகாய்த்தூள் இடித்து அனுப்பினாள். ஃபோன் கடைக்காரர் பனங்கட்டியும் முறுக்கும் கொண்டுவந்து தந்தார். தைலம், சாம்பிராணி, உடுக்க ஒரு சாரம். அதற்குள் இவர், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா இரண்டு பைக்கற் வாங்கி வந்து வைத்தார். வீட்டு வாசல் நடையில் சப்பாத்து வைக்கிற இடம் போய்விட்டது.

"ஒடியல் மா என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எட்டு வருஷமாய்க் கூழ் குடிக்கேல்லையாம். அங்கை நல்ல மீன், நண்டு, கணவாய் எல்லாம் உடன் எடுக்கலாமாம். நீர் ஒரு நாள் காய்ச்சிக் குடுத்தால் பெடியன் சந்தோசப்படுவான்."

கூழ் குடித்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. நண்டு உடைக்க வேண்டும், மீன் வெட்ட வேண்டும், மரவள்ளி உரிக்க வேண்டும், பெரிய பானையைத் தூக்கி இறக்க வேண்டும். நான் டாக்டரை நினைத்தேன். ஒரு கடலைத் தாண்டிப் போய், ஒருவரையும் தெரியாத தீவில், மறுபடியும் ஒரு குசினிக்குள் நிற்கிற என்னையே நினைத்தேன்.

"நான் வரேல்லை," என்றேன். "நீங்கள் போய்க் காய்ச்சுங்கோ."

"ஒரு நாள்தானேயப்பா."

"எனக்கு இருக்கிறதே ஏழு நாள். உங்கடை அக்கா, உங்கடை தம்பி, உங்கடை பார்சல். என்ரை தோள் ஒண்டுதான் என்ரை. அதையும் பார்சல் கட்டி அனுப்புங்கோ."

இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. மகள் நடுவில் நின்று, உப்பு எங்கே, ரிமோட் எங்கே என்று இரண்டு பக்கமும் தூது போனாள். அவளுக்கு அலுத்துப் போய்விட்டது. நீங்கள் இருவரும் ஆளுக்கொரு தீவுக்குப் போங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் தன் கன்ரீன் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்பு, ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. நான் பக்கத்தில் காய்ந்த துணிகளை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், உடுப்பைப் பார்த்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார்.

"எனக்கு அப்ப இருபத்திமூண்டு வயசு. இஞ்சை வாற வழியிலை ஏஜென்ட் ஒரு அறைக்குள்ளை விட்டிட்டு, நாளைக்கு வாறன் எண்டு போனவன். எனக்கு அண்டைக்கே காய்ச்சல் தொடங்கீட்டுது. நாலு நாள் அவன் வரேல்லை. பக்கத்து அறையிலை ஒருத்தன் இருந்தவன், எந்த நாடோ தெரியாது. நல்லவன், தண்ணி தந்தவன். ஆனால் நான் சொன்னது ஒண்டும் அவனுக்கு விளங்கேல்லை. நான் அம்மா அம்மா எண்டு கத்தினது கூட என்னத்துக்கு எண்டு அவனுக்குத் தெரியாது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அதுக்குப் பிறகு எந்த ஊர்ப் பேரைக் கேட்டாலும் நான் முதல் பாக்கிறது அதைத்தான். இஞ்சை விழுந்தால் ஆருக்குச் சொல்லலாம் எண்டு. இப்ப உம்மடை தோள் வேறை. உமக்கு அங்கை ஏதும் எண்டால் நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

அவர் வந்த பாதை எனக்குத் தெரியும். எத்தனை நாடு, எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் சொல்லுவார், சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். இந்த நாலு நாளை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் கிடந்தன. நான் துணி மடிப்பதை விட்டுவிட்டு, சரி, கீழேயே தங்குவம், கூழும் காய்ச்சுவம் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் மெய்யாகவா என்று கேட்டார், கண்ணில் அவ்வளவு ஆறுதல்.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அது என் குணம். அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது மெட்ரோவுக்கு வெளியே இருக்கிற சின்னப் பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, அந்தத் தம்பிக்கு நானே ஃபோன் எடுத்தேன். மறுபக்கத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்துகிற சத்தம், பிறகு காற்று.

"சொல்லுங்கோ அக்கா."

"தம்பி, உங்களிட்டைப் பெரிய பானை இருக்கோ? எத்தனை பேர் சாப்பிடுவியள்?"

"பானை... கடையிலை கேட்டு எடுக்கலாம் அக்கா."

"ஏன், வீட்டிலை இல்லையோ?"

"வீடு எண்டு... இருக்கு அக்கா. எல்லாம் சமாளிக்கலாம். நீங்கள் யோசியாதேங்கோ."

சமாளிக்கலாம் என்ற சொல்லை எனக்குத் தெரியும். விரிப்பு போதாத நாளில் எங்கள் மேற்பார்வைக்காரி அதைத்தான் சொல்லுவாள். நான் கட்டில்களின் ஆள். எத்தனை கட்டில் இருக்கிறது, எந்தக் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சுற்றிச் சுற்றிக் கதைத்தார். நான் விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது. கடைச் சாமான் அறைக்கு மேலே ஒரு அறை. நாலு வேலைக்காரர், ஒன்றின்மேல் ஒன்றாக நாலு கட்டில். முதலாளி விருந்தாட்களை விடமாட்டார். ஒரு கிழமைக்கு மட்டும் என்று தம்பி அவரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறார். மற்ற மூன்று பேரையும் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப நீங்கள் எங்கை படுப்பியள்?"

"கடைக்குள்ளை மேசையளைச் சேர்த்துப் போட்டால் காணும் அக்கா. ஏழு நாள்தானே."

"ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?"

"அண்ணை எங்கை தங்கலாம் எண்டு அவ்வளவு ஆசையாய்க் கேட்டவர். இடமில்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

தம்பி இடமிருக்கிறது என்று முதலில் சொன்னாராம், அதனால் வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இவர் ஆசைப்பட்டாராம், அதனால் எனக்கு வாய் வரவில்லை. மூன்று பேருக்கும் ஒரே மரியாதை. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வாங்கில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, உங்களுக்கு லீவு நாள் இருக்கோ?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை அக்கா."

"என்ன செய்வியள்?"

கொஞ்சம் யோசித்தார். "நான் அண்டைக்குக் கீழை நிக்கிறேல்லை. பஸ் எடுத்து மேலை ஊருக்குப் போயிடுவன். அங்கை ஒரு சுவர் இருக்கு, அதிலை குந்தியிருப்பன். வேறை ஒண்டுமில்லை அக்கா. அங்கை ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்க மாட்டினம்."

என் வசனத்தை வேறொருவர் வாயில் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷம் அந்தக் குசினியில் நிற்கிற மனுஷனுக்கு நான் கூழ் காய்ச்சிக் கொடுத்து என்ன, காய்ச்சாமல் விட்டு என்ன. அவருக்கும் வேண்டியது எனக்கு வேண்டியதுதான்.

"நாங்கள் மேலை தங்கட்டோ தம்பி?"

"தங்குங்கோ அக்கா, தங்குங்கோ," என்றார். அந்தக் குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. "நல்ல இடம். டாக்டர் ஒருத்தரும் அங்கைதான் இருக்கிறார். இரவோ பகலோ ஒண்டெண்டால் எனக்கு ஃபோனிலை ஒரு அடி அடியுங்கோ, இருபது நிமிசத்திலை வந்து நிப்பன். அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, நான் அவையின்ரை பாஷை நல்லாய்க் கதைப்பன் எண்டு."

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலை ஊர் என்றதும் முகம் மாறும் என்று நினைத்தேன். அவர் காதில் அது விழவேயில்லை.

"மேசையிலையோ?" என்றார். "ஏழு நாளும் மேசையிலையோ படுக்க இருந்தவன்?"

"ஓம்."

அவர் எழும்பி வாசல் நடைக்குப் போய் அந்தப் பார்சல்களின் முன்னால் நின்றார். பிறகு ஒன்றொன்றாகப் பிரித்தார். மிளகாய்த்தூளில் பாதியையும், பனங்கட்டியையும், முறுக்கையும் ஒரு சின்னப் பையில் போட்டார். ஒடியல் மாவை எங்கள் அலுமாரியில் வைத்தார். தம்பிக்கு ஃபோன் எடுத்து, மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, நான் யோசிக்காமல் கேட்டுப்போட்டன் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை, இவர் நிறைய நேரம் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, அந்த மலை ஊர் வீட்டுக்காரிக்கு எழுது பிள்ளை என்றார். அந்த டாக்டரின் வீடு எந்தத் தெரு என்றும் கேட்டு எழுதச் சொன்னார். அதைக் கேட்காமல் விட்டிருந்தால் அது இவரே இல்லை.

தீவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பல் பின்னேரம் போய்ச் சேர்ந்தது. தம்பி கடை ஏப்ரனோடு ஓடி வந்து பையை வாங்கி, எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பவும் ஓடினார். நான் நினைத்ததைவிட வயது கூடின மனுஷன், நரை விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மேலே வந்தார். மூன்று பேரும் சுவரில் இருந்தோம். மத்தியானம் அங்கேயுள்ள ஒரு கடையில் யாரோ சமைத்த மீனைச் சாப்பிட்டோம். தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, இதை நான் இதைவிட நல்லாய்ச் செய்வன் என்று மெல்லச் சொன்னார். நானும் இவரும் அவரைச் செய்ய விடவில்லை.

ஆனால் நித்திரை பிடிபடவில்லை. முதல் மூன்று நாளும் காலை நாலரைக்கே கண் விழித்துவிட்டது. எழும்பி இருந்து, செய்ய ஒன்றும் இல்லாமல் யன்னலைத் துடைத்தேன். வெட்கக்கேடு, வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் துணியைக் கையிலிருந்து பிடுங்கினாள். இத்தனை வருஷத்தில் ஓய்வெடுக்கிற விதமே மறந்துபோய்விட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது. ஊர் மாறினாலும் நான் மாறமாட்டேன் போலிருந்தது.

ஐந்தாம் நாள் நான் கண் விழித்தபோது அறை முழுக்க வெயில். எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. தோளை அசைத்துப் பார்த்தேன், வலி இருந்தது, ஆனால் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. மணி பதினொன்று தாண்டிவிட்டது. திடுக்கிட்டு எழும்பிக் கதவைத் திறந்தேன். இவர் வெளியே படியில், ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஏன் எழுப்பேல்லை?" என்றேன்.

"நீர் நித்திரை."

"ஆர் ஃபோனிலை?"

"அக்கா. பாரிசிலை மழையாம். உம்மோடை கதைக்க வேணுமாம், பலகாரத்துக்கு எவ்வளவு மா எண்டு கேக்க."

"என்ன சொன்னியள்?"

"நித்திரை எண்டு சொன்னன். பதினொரு மணிக்கோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். எழுப்பித் தா எண்டவ." அவர் படியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாட்டன் எண்டு சொன்னன்."

நான் உள்ளே போய்த் திரும்பவும் படுத்தேன்.